பாலிஷ் பேடைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி: டர்பனில் கார் டீட்டெய்லிங் தொடங்குபவர்களுக்கு

மெஷின் பிடித்துப் பாலிஷ் போட்ட காரை வெளியே வெயிலில் நிறுத்தினால், போனட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்டக் கோடுகள். காம்பவுண்டை, அதாவது கீறலைத் தேய்த்து எடுக்கும் பசையைக் குறை சொல்வோம், மெஷினைக் குறை சொல்வோம், பெயின்ட்டே மட்டம் என்போம். மெஷினில் ஒட்டியிருக்கும் பேடைக் கழற்றித் திருப்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. நான் பார்த்தவரை பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பேனல் பீட்டர் கடைகளில் (காரின் ஒடுக்கெடுத்துப் பெயின்ட் அடிக்கும் கடைகள்) சேரும் தம்பிகளுக்கும், வார இறுதியில் சொந்தக் காரையே பளபளப்பாக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கடையில் மெஷினைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். பேடை எப்போது துடைப்பது, எப்போது மாற்றுவது, எப்படிக் கழுவுவது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. வீடியோவில் காட்டுகிறவர்களிடம் பெரிய கராஜ், கம்ப்ரசர், அலமாரி நிறையப் பேட் எல்லாம் இருக்கின்றன. டர்பனில் நம்மவர்கள் அதிகம் இருக்கும் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ ஒரு வீட்டு வாசலில், ஒரே ஒரு குழாயை நம்பிச் செய்யும் வேலைக்கு அது அப்படியே ஒத்துவராது. இங்கே எது நடக்கிறதோ அதை மட்டும் சொல்கிறேன்.

பேடில் என்ன சேருகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். காரின் நிறத்துக்கு மேல் பூசியிருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதில் மிக மெல்லிய ஒரு படலத்தை மெஷின் சீவி எடுக்கிறது. சீவிய தூள், வேலை முடிந்து செத்துப்போன காம்பவுண்ட், அதிலுள்ள எண்ணெய் மூன்றும் சேர்ந்து பேடின் துளைகளில் அடைகின்றன. துளை அடைந்த பேட் பெயின்ட்டை வெட்டாது, அழுக்கை வைத்துத் தேய்க்கும். சூடு ஏறும். பேட் கனத்துப்போவதால் டி.ஏ. மெஷினில் (ஆடியபடியே சுழலும் டூயல் ஆக்‌ஷன் மெஷின்) சுழற்சியும் குறையும். உடனே நாம் கையை அழுத்துவோம், சூடு இன்னும் ஏறும்.

ஆகவே பேடைச் சுத்தம் செய்வதை வேலை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அது பாலிஷ் வேலையின் நடுவிலேயே நடக்க வேண்டிய காரியம்.

1. எத்தனை பேட், எவ்வளவு செலவு

ஒரு காருக்கு ஒரு பேட் போதும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். போலோ விவோ அளவுள்ள சின்னக் காருக்கே வெட்டும் பேட் (கீறலைச் சீவி எடுக்கும் முரட்டுப் பேட்) நான்கு, பாலிஷ் பேட் மூன்று, கடைசி மெருகுக்கு இரண்டு இருந்தால்தான் நிம்மதியாக வேலை செய்யலாம். ஹைலக்ஸ் மாதிரிப் பெரிய பிக்கப் என்றால் வெட்டும் பேட் ஆறாவது வேண்டும்.

ஐந்தரை அங்குல ஃபோம் பேட் சாதாரண ரகம் சுமார் 100 ரேண்டிலிருந்து கிடைக்கிறது. பெயர்பெற்ற பிராண்டு என்றால் 200, 300 ரேண்டுக்கு மேலும் போகும். எல்லாவற்றையும் விலை உயர்ந்ததாக வாங்க வேண்டாம். வெட்டும் பேட் சீக்கிரம் தேயும், அதில் நடுத்தர ரகம் போதும். கடைசி மெருகுக்கு உள்ள மென்மையான பேடில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

இவற்றோடு வேண்டியவை: நைலான் முள் உள்ள பேட் பிரஷ் ஒன்று, தடித்த தேங்காய்ப்பூத் துண்டு நான்கு, 20 லிட்டர் வாளி மூன்று, பேட் கிளீனர் அல்லது பாத்திரம் கழுவும் சன்லைட் திரவம். மெஷினோடு சேர்த்து அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் பேட் வாஷர் வாளிகளும் விற்கிறார்கள். ஆயிரம் ரேண்டைத் தாண்டும். தினமும் கார் வரும் கடைக்கு அது லாபம், வார இறுதி வேலைக்குத் தேவையில்லை.

ஒரு பொறி: பேடின் நிறத்தை நம்பாதீர்கள். நிறத்துக்குப் பொது விதி கிடையாது. ரூபெஸ் கம்பெனியின் மஞ்சள் பேட் மென்மையான பாலிஷுக்கு உரியது. லேக் கன்ட்ரி கம்பெனியின் மஞ்சள் பேடோ காம்பவுண்ட் போட்டு வெட்டுவதற்கு. இரண்டையும் ஒரே பையில் போட்டுவைத்து, கடைசி மெருகுக்கு மஞ்சளை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வாங்கிய அன்றே பேடின் முதுகில், வெல்க்ரோ ஓரத்தில், அழியாத மார்க்கரால் ‘வெட்டு’, ‘பாலிஷ்’, ‘மெருகு’ என்று எழுதிவிடுங்கள். தமிழில் எழுதினால் இன்னொரு வசதி, கடையில் வேறு யாரும் எடுத்துப்போக மாட்டார்கள்.

மெஷினை ஊரிலிருந்து கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவிலும் 230 வோல்ட்தான். நம் ஊர் 15 ஆம்பியர் பெரிய மூன்று முள் பிளக் இங்குள்ள பழைய பெரிய சாக்கெட்டில் பொதுவாகப் பொருந்திவிடும், சின்ன 5 ஆம்பியர் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும். அமெரிக்காவிலிருந்து மலிவாக வரவழைக்கும் 110 வோல்ட் மெஷினைத் தொடவே தொடாதீர்கள்.

2. பில், உத்தரவாதம், கேட்டில் கேட்கும் காகிதங்கள்

பேட் வாங்கியதற்கெல்லாம் பில்லா என்று ஸ்லிப்பைக் கசக்கிப் போடுகிறவர்கள் அதிகம். இந்த நாட்டின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்ப்பு, மாற்றுப் பொருள், பணம் மூன்றில் ஒன்றைக் கேட்கலாம். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். புதுப் பேட் இரண்டாவது காரிலேயே வெல்க்ரோ பிரிந்து வந்தால் இந்தச் சட்டம் கைகொடுக்கும். ஆனால் கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்துப் பசை விட்டது என்றால் அது உங்கள் பயன்பாட்டுக் கோளாறு, கடைக்காரர் மறுப்பார். அந்த ஸ்லிப் வெப்பத்தாளில் அச்சானது. டர்பன் கோடையில் வண்டி டாஷ்போர்டில் கிடந்தால் சில வாரங்களில் வெள்ளைத்தாள் ஆகிவிடும். வாங்கிய உடனே போனில் படம் எடுத்துவையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பேட் வரவழைத்தால் விலையோடு 15 சதவீத வாட் வரியும், சுங்கத் தீர்வையும், கூரியர்காரரின் கிளியரிங் கட்டணமும் சேரும். நாலைந்து பேடுக்காக வரவழைப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

டர்பனுக்கு வடக்கே உம்ஷ்லாங்கா, பாலிட்டோ பக்கத்து எஸ்டேட் குடியிருப்புகளுக்கு (வேலியும் காவலும் உள்ளவை) வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. கேட்டில் காவலர் உங்கள் லைசென்ஸ் அட்டையையும், கண்ணாடியில் ஒட்டிய வண்டியின் லைசென்ஸ் டிஸ்க்கையும் ஸ்கேன் செய்வார். இந்திய, இலங்கை லைசென்ஸ் அந்த ஸ்கேனரில் ஏறாது. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். வீட்டுக்காரரிடம் நுழைவுக் குறியீட்டை முன்கூட்டியே வாங்குங்கள். வெளியாட்கள் வேலை செய்யலாம் என்ற நேரத்தையும் கேளுங்கள். பல எஸ்டேட்டுகளில் சனிக்கிழமை மதியத்தோடு சரி, ஞாயிறு கிடையாது. வாசலில் தண்ணீர் விடலாமா, கம்ப்ரசர் ஓட்டலாமா என்பதையும் அதே போனில் கேட்டுவிட்டால், எந்த முறையில் பேடைச் சுத்தம் செய்வது என்று வீட்டிலிருந்தே முடிவெடுத்துக் கிளம்பலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதில் வாயைத் திறக்காமல் இருப்பவர்கள்தான் அதிகம். சாதாரண வேலை விசா, அதில் உள்ள முதலாளியிடம் வேலை செய்ய மட்டுமே. சாதாரணப் பார்வையாளர் விசாவில் வேலை செய்யக்கூடாது. சொந்தக் காரைப் பாலிஷ் செய்வது வேறு, காசு வாங்கிப் பிறர் காரைச் செய்வது வேறு.

3. மெஷினைத் தொடுவதற்கு முன்

புதுப் பேடையும் கழுவிக் காய்ந்த பேடையும் அப்படியே ஓட்டக்கூடாது. முகம் முழுக்க மெல்லியதாகக் காம்பவுண்டை விரலால் தடவிப் பூசுங்கள். இல்லையென்றால் காய்ந்த ஃபோம் பெயின்ட்டில் நேரடியாக உரசும். அதன் பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் பட்டாணி அளவில் மூன்று அல்லது நான்கு சொட்டு போதும். பேட் சீக்கிரம் அடைவதற்கு முதல் காரணமே அளவுக்கு மேல் காம்பவுண்ட் போடுவதுதான். அதிகம் போட்டால் அதிகம் வெட்டும் என்ற நினைப்பு, வேலை தெரிந்தவர்களிடம்கூட இருக்கிறது.

மெஷினில் பேட் ஒட்டும் தட்டையும் பாருங்கள். அதிலுள்ள வெல்க்ரோ கொக்கிகளில் நூலும் தூசியும் சிக்கியிருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். பேட் சரியாக நடுவில் உட்கார வேண்டும். கொஞ்சம் ஒதுங்கியிருந்தாலும் மெஷின் கை நடுங்க அதிரும், பேடின் ஓரம் கிழியும்.

காரைக் கழுவி, க்ளே (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி) போட்டுத் துடைத்த பிறகே இதெல்லாம். டர்பனுக்கு வடக்கே கடற்கரைப் பக்கம், டொங்காட், வெருலம் வட்டாரத்தில் ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து டிசம்பர்வரை கரும்பு வெட்டும் காலம். தோட்டத்தில் தீ வைத்தால் கரித்தூள் காற்றில் வந்து காரிலும் பேடிலும் இறங்கும். வாசலில் வேலை செய்துகொண்டிருக்கும்போது கறுப்புத் துணுக்குகள் விழக் கண்டால், திறந்து கிடக்கும் பேடுகளை முதலில் மூடுங்கள். காரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

4. ஒவ்வொரு பகுதி முடிந்ததும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு பகுதி என்பது சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. சின்னக் காரின் போனட்டை நாலாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பகுதியை முடித்து மெஷினைத் தூக்கியதும், அடுத்த சொட்டு வைப்பதற்கு முன் பேடைச் சுத்தம் செய்ய வேண்டும். பத்து, பதினைந்து விநாடி வேலை. முழுக் காருக்கும் கணக்குப் போட்டால் கால் மணி நேரம் கூடுதலாகும். கோடு விழுந்த பானலைத் திரும்பச் செய்ய ஆகும் நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்று வழிகள் இருக்கின்றன.

பிரஷ்: மெஷினைக் காரிலிருந்து நாலடி தள்ளிக் கொண்டுபோங்கள். பேட் மேல்நோக்கி இருக்கும்படி திருப்பி, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு, பிரஷ்ஷை நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக நகர்த்துங்கள். வெள்ளைத் தூள் பறக்கும். முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பிரஷ்ஷை அழுத்தவே வேண்டாம், முள்ளின் நுனி பட்டால் போதும். அழுத்தினால் தூளோடு ஃபோமும் பிய்ந்து வரும். கம்பி பிரஷ் எந்தக் காலத்திலும் கூடாது. கம்பளிப் பேடைக் கோதிவிட என்றே பல்சக்கரம் வைத்த கருவி ஒன்று உண்டு, அதை ஃபோமில் வைத்துவிடாதீர்கள்.

துண்டு: தேங்காய்ப்பூத் துண்டை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்து, அதில் பேடை அமுக்கி, குறைந்த வேகத்தில் ஐந்து விநாடி ஓடவிடுங்கள். பிரஷ் காய்ந்த தூளை எடுக்கும், துண்டு ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சும். இரண்டும் வேறு வேறு வேலை, ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. துண்டு பருத்தியாக இருக்கட்டும். மைக்ரோஃபைபர் துணி பாலியெஸ்டர் கலந்தது, உரசல் சூட்டில் இழை இளகிப் பேடில் ஒட்டிக்கொள்ளலாம்.

காற்று: கம்ப்ரசர் இருந்தால் மூன்றிலும் சிறந்தது இதுதான். ஃபோமுக்குப் பதில் நுண்ணிழை வைத்த மைக்ரோஃபைபர் பேடுக்கு இது இல்லாமல் முடியாது என்றே சொல்வேன், ஏனென்றால் ஒரே ஒரு பகுதி முடிவதற்குள் அதன் இழைகள் படிந்து ஒட்டிவிடும். 4 முதல் 6 பார் அழுத்தம் போதும். ஏர் கன்னைப் பேடுக்கு நேர் எதிரே பிடித்தால் தூள் உள்ளே இறங்கிவிடும். சாய்வாகப் பிடித்து, நடுவிலிருந்து வெளியே ஊதுங்கள். வெல்க்ரோ ஒட்டிய விளிம்பில் ஊதினால் பசை பிரியும். ஊதும் தூள் ஏற்கெனவே துடைத்து வைத்த பானலில் போய் உட்காரும் என்பதால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நில்லுங்கள். டர்பன் கடற்கரையில் காற்று அடிக்காத மத்தியானம் அபூர்வம்.

கம்ப்ரசரில் யாரும் சொல்லாத பொறி ஒன்று உண்டு. இங்கே காற்றில் ஈரம் அதிகம். டாங்கியில் தண்ணீர் தேங்கும். அடியில் உள்ள வால்வைத் திறந்து தினமும் வடிக்காவிட்டால், பேடைக் காயவைப்பதாக நினைத்து நனைத்துக்கொண்டிருப்பீர்கள். எண்ணெய் போட்டு ஓடும் கம்ப்ரசர் என்றால் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து வரும். குழாயில் ஈரம் பிரிக்கும் வடிகட்டி ஒன்றை மாட்டுங்கள். ஊதத் தொடங்குமுன் ஒரு வெள்ளைத் துணியில் ஊதிப் பாருங்கள், துணி சொல்லிவிடும்.

மின்சாரம் போனால் என்ன செய்வது? 2022, 2023இல் லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது கம்ப்ரசரை மட்டும் நம்பியவர்கள் பாதிக் காரோடு உட்கார்ந்திருந்தார்கள். இப்போது நிலைமை மேல். ஆனாலும் ஏரியா டிரான்ஸ்ஃபார்மர் போனால் அதே கதைதான். பேட்டரி மெஷின் வைத்திருப்பவர்கள் பிரஷ், துண்டு இரண்டோடு முழுக் காரையும் முடித்துவிடலாம்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம், லெனேசியா போன்ற இடங்களில் வேலை செய்கிறவர்களுக்குக் கதை வேறு. அங்கே குளிர்காலக் காற்று வறண்டது. காம்பவுண்ட் சீக்கிரம் காய்ந்து தூளாகக் கொட்டும். பிரஷ்தான் அங்கே முக்கியம், துண்டுக்கு வேலை குறைவு.

5. பேடை மாற்ற வேண்டிய நேரம்

பிரஷ் போட்டுக்கொண்டே ஒரே பேடில் காரை முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பிரஷ் மேற்பரப்பைத்தான் சுத்தம் செய்யும், உள்ளே இறங்கிய ஈரம் அப்படியே இருக்கும். ஒரு போனட் அல்லது இரண்டு கதவு, அதோடு அந்தப் பேடுக்கு ஓய்வு என்பது நல்ல கணக்கு.

சாட்ஸ்வொர்த்தில் பல வருடமாக ஸ்ப்ரே பெயின்ட் வேலை செய்யும் ஒரு பெரியவர், புதிதாக வந்த பையன் ஒருவனிடம் இதைக் காட்டிக்கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தச் சொல்லி, பேடைக் கழற்றி, நடுவில் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். விரலை எடுத்தபோது குழி அப்படியே நின்றது. விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் பசை. “தம்பி, நீ காரைத் துடைக்கிறாயா, காருக்குப் பூசுகிறாயா?” என்றார். பையன் சிரித்துவிட்டு அடுத்த பேடை எடுத்தான்.

அந்தச் சோதனை எளிது, அதையே செய்யுங்கள். அமுக்கிய இடம் உடனே எழும்பினால் தொடரலாம். குழி நின்றால், விரலில் ஈரம் ஒட்டினால் மாற்ற வேண்டும். சூட்டையும் பாருங்கள். சூடு முதலில் சேருவது பேடின் நடுவில்தான். அங்கே உள்ளங்கையை வைக்க முடியாத அளவு சுட்டால், பேடை ஆறவிட்டு வேறொன்றை எடுங்கள். சூட்டோடு ஓட்டினால் வெல்க்ரோ பசை இளகி, ஒரு கட்டத்தில் பேட் மெஷினை விட்டுப் பறக்கும். பறக்கிற பேடைவிட, பேட் இல்லாத தட்டு பெயின்ட்டில் படுவதுதான் ஆபத்து.

வெட்டிய பேடை, நன்றாகப் பிரஷ் போட்டுவிட்டேன் என்று சொல்லி, மெருகுக்குப் பயன்படுத்தாதீர்கள். சில காம்பவுண்டுகளில் உள்ள துகள் தேய்க்கத் தேய்க்க உடைந்து மென்மையாகும். சிலவற்றில் உடையவே உடையாது, கடைசிவரை வெட்டிக்கொண்டே இருக்கும். அந்த இரண்டாவது வகைத் துகள் கொஞ்சம் பேடில் தங்கியிருந்தாலும் மெருகு மங்கும். ஒரு பேட், ஒரு திரவம். கழுவும்வரை இதில் மாற்றம் கூடாது.

பேடில் காரின் நிறம் ஏறினால் உடனே நிறுத்துங்கள். கிளியர் கோட் உள்ள காரில் பேடில் ஒட்டுவது வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்க வேண்டும். சிவப்புக் காரில் பேட் சிவப்பானால் கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு வண்டிகளில் மட்டும் நிறம் வருவது இயல்பு. பழைய கார்களிலும் சில வேலை வண்டிகளிலும் இதைப் பார்க்கலாம். எந்த வகை என்று தெரியாவிட்டால், வேலையைத் தொடங்குமுன் மறைவான ஓர் இடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்துக் கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை வண்டியில் இது எடுபடாது. அங்கே பெயின்ட் கனம் அளக்கும் மீட்டரை வைத்து மொத்தக் கனத்தைப் பார்த்துக் கவனமாகச் செய்வதுதான் வழி.

6. கழுவுவது

வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் கழுவலாம் என்றால், அழுக்குப் பேடுகளைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஜிப் பையில் போட்டு மூடுங்கள். காம்பவுண்ட் பேடில் காய்ந்து இறுகினால் பிறகு என்ன செய்தாலும் முழுதாகப் போகாது. அதற்காக இரவு முழுக்க வாளியில் ஊறப்போடவும் கூடாது, பசை விட்டுவிடும். கால் மணியிலிருந்து அரை மணி ஊறினால் போதும்.

மூன்று வாளி முறை இங்கே நன்றாக வேலை செய்கிறது, தண்ணீரும் மிச்சம். முதல் வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரும் கிளீனரும். கீசர் தண்ணீரை அப்படியே திறந்து விடாதீர்கள், 40 டிகிரிக்கு மேல் பசைக்கு ஆகாது. கிளீனர் இல்லையென்றால் சன்லைட் திரவம் ஒரு சின்ன மூடி. நுரை பொங்க வேண்டும் என்று ஊற்றினால் அலசி முடியாது. சோப்பு தங்கிய பேட் அடுத்த காரில் காம்பவுண்டோடு சேர்ந்து நுரைக்கும். பேடின் முகத்தைக் கட்டைவிரல்களால் அமுக்கி அமுக்கி எடுங்கள், பிரஷ்ஷை மெல்ல ஓட்டுங்கள். இரண்டாவது வாளியில் அலசல். மூன்றாவதில் சுத்தத் தண்ணீர். அமுக்கும்போது வரும் தண்ணீர் தெளிவாக இருந்தால் முடிந்தது. மெருகுப் பேடை முதலில், வெட்டும் பேடைக் கடைசியில் கழுவுங்கள். மாற்றிச் செய்தால் முரட்டுத் துகள் மென்மையான பேடுக்குள் போய்விடும்.

மெழுகு அல்லது சீலன்ட் (மெழுகு மாதிரிப் பாதுகாப்புப் பூச்சு) தடவிய பேட் சாதாரண சோப்புக்கு மசியாது. ஆல் பர்ப்பஸ் கிளீனரைப் பத்துக்கு ஒன்று கலந்து தெளித்து, சில நிமிடம் விட்டுக் கழுவுங்கள். தின்னர் வேண்டாம், ஃபோமையும் பசையையும் கெடுத்துவிடும். பிளீச்சும் வேண்டாம். மைக்ரோஃபைபர் பேடை வாஷிங் மெஷினில் குளிர்ந்த தண்ணீரில் மென்சுழற்சியில் போடலாம், துணி மென்மையாக்கி மட்டும் ஊற்றக்கூடாது. ஃபோம் பேடைக் கையாலேயே கழுவுங்கள். ஒரு காரின் பேடுகளைக் கழுவ அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

கழுவிய தண்ணீரை வாசலில் உள்ள மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். அது சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேராக ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது, நகராட்சி விதியும் இதைத் தடுக்கிறது. வாளியைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் சேறு அடியில் தங்கும். மேல் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் சேரும் தொட்டியில் ஊற்றிவிட்டு, சேற்றைப் பழைய துணியால் துடைத்துக் குப்பையில் போடலாம். எஸ்டேட்டில் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அண்டை வீட்டுக்காரர்கள் உண்டு, அடுத்த முறை கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

7. காயவைப்பது

டர்பனில் பாதிப் பேடுகள் கெடுவது கழுவும்போது அல்ல, காயும்போது.

முறுக்கிப் பிழியாதீர்கள், ஃபோம் உள்ளே கிழியும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அமுக்குங்கள். அதன் பிறகு மெஷினில் மாட்டி, காலி வாளிக்குள் பேட் முழுக்க உள்ளே இருக்கும்படி பிடித்து, குறைந்த வேகத்தில் அரை நிமிடம் ஓடவிட்டால் மிச்சத் தண்ணீர் வாளிச் சுவரில் தெறிக்கும். பேட் கீழே, மெஷின் மேலே. தலைகீழாகப் பிடித்தால் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கும். கையும் தரையும் ஈரமாக இருந்தால் இதைச் செய்ய வேண்டாம். எக்ஸ்டென்ஷன் வயரின் இணைப்பு தரையில் கிடக்கக்கூடாது. மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கி முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

காயவைக்கும்போது ஃபோம் முகம் கீழே, வெல்க்ரோ மேலே. அப்போதுதான் தண்ணீர் பசையை விட்டு விலகி இறங்கும். தட்டையான பலகையில் வைத்தால் அடியில் ஈரம் நிற்கும், கம்பி வலைத் தட்டில் வையுங்கள். பழைய ஃப்ரிட்ஜ் தட்டு அருமையாகப் பயன்படும். நேர் வெயில் கூடாது, வெயில் ஃபோமை மொறுமொறுப்பாக்கிவிடும். ஹேர் டிரையரும் கூடாது. நிழலும் மின்விசிறியும் போதும்.

நேரத்தைப் பற்றிக் கறாராகச் சொல்கிறேன். நவம்பரிலிருந்து மார்ச்வரை டர்பனில் ஒரு நாளில் பேட் காய்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தில் ஒரே இரவில் காய்ந்துவிடும். வெளியே காய்ந்தது மாதிரி இருக்கும், நடுவில் ஈரம் இருக்கும். காகிதக் கைத்துண்டைப் பேடில் வைத்து அமுக்கிப் பாருங்கள். காகிதம் நனைந்தால் இன்னும் ஒரு நாள். அரை ஈரப் பேடை ஓட்டினால் காம்பவுண்ட் நீர்த்துத் தெறிக்கும், வெட்டும் திறன் குறையும். அரை ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சை வாடை வரும், அந்த வாடை பிறகு போகாது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் போல அடுத்தடுத்து கார் வரும் காலத்தில் இந்த இரண்டு நாள் கணக்கு உதைக்கும். சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்று ஒப்புக்கொண்டால் இரண்டு செட் பேட் வேண்டும். ஒரே செட் இருந்தால் இரண்டாவது காரை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

8. எடுத்துவைப்பதும் தூக்கிப்போடுவதும்

காய்ந்த பேடுகளை வகைவாரியாகத் தனித்தனி மூடி போட்ட டப்பாக்களில் வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று முகம் முகத்தைப் பார்க்க அடுக்கலாம். வெல்க்ரோ இன்னொரு பேடின் முகத்தில் ஒட்டினால் ஃபோமைப் பிய்க்கும். மேலே பாரம் ஏற்றினால் நசுங்கிய பேட் நசுங்கியபடியே இருந்துவிடும்.

எத்தனை காருக்கு வரும் என்று கேட்கிறார்கள். அதற்கு எண் கிடையாது. வெல்க்ரோ ஓரத்தில் நகத்தை விட்டால் பிரிகிறதா, ஃபோம் ஓரம் கிழிந்து தொங்குகிறதா, நடுவில் குழி விழுந்து காய்ந்த பிறகும் எழும்பவில்லையா, தடவினால் எங்காவது கட்டியாக நெருடுகிறதா, இதில் ஒன்று இருந்தாலும் அதற்குக் காரில் இனி வேலை இல்லை. பிரிந்த வெல்க்ரோவைப் பசை போட்டு ஒட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. அதிவேகத்தில் சுழலும் பொருளுக்கு அந்த வைத்தியம் வேண்டாம்.

ஓய்வுபெற்ற பேடைக் குப்பையில் போடுமுன் நாலு துண்டாக வெட்டினால் டயருக்குப் பளபளப்பு தடவக் கையடக்கமாக இருக்கும். ஆனால் டயர் திரவத்தில் சிலிக்கான் உண்டு. அது மற்றப் பேடில் ஒட்டினால் சோப்புக்குப் போவது கஷ்டம், பேனல் பீட்டர் கடையில் புதுப் பெயின்ட் அடிக்கும் இடத்துக்குப் போனாலோ பெயின்ட்டில் குழி குழியாக விழும். அந்தத் துண்டுகளை வேறு பையில் கட்டி, வேறு அலமாரியில் வையுங்கள்.